என்டிஐஎஸ்: பணம் யார் பெயரில், முடிவு யார் கையில்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவில் மாற்றுத்திறனாளி ஒருவர் இருக்கும் தமிழ் வீடுகளில் என்டிஐஎஸ் என்ற பெயர் தினமும் அடிபடுகிறது. தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்பீட்டுத் திட்டம் என்பது முழுப்பெயர். ஆனால் நம் பேச்சு பெரும்பாலும் "உங்களுக்கு எவ்வளவு வந்தது?" என்பதோடு நின்றுவிடுகிறது. வந்த பணத்தில் என்ன செய்வது என்று யார் முடிவெடுக்கிறார் என்பதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. திட்டத்தைக் கொண்டு வந்ததே அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான். கோயிலிலும் தமிழ்ப்பள்ளி வாசலிலும் வாட்ஸ்அப்பிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். விதிகள் அடிக்கடி மாறுகின்றன, அதனால் முடிவெடுக்கும் முன் ஒருமுறை நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் திட்டம் வருவதற்கு முன்னால் நிலைமை எப்படி இருந்தது?

மாநில அரசுகள் சேவை நிறுவனங்களுக்கு மொத்தமாகப் பணம் கொடுக்கும். நிறுவனம் தன்னிடம் இருக்கும் இடங்களை நிரப்பும். இடம் கிடைக்காதவர் காத்திருப்புப் பட்டியலில் இருப்பார், சில சமயம் வருடக்கணக்கில். இடம் கிடைத்தவருக்கோ அந்த நிறுவனத்தின் நேரம்தான் நேரம். குரூப் ஹோமில் (மாற்றுத்திறனாளிகள் சிலர் சேர்ந்து வாழும் பராமரிப்பு வீட்டில்) மாலை ஷிப்ட் சீக்கிரம் முடிகிறது என்றால் ஐந்தரைக்கே சாப்பாடு, ஏழரைக்குப் படுக்கை. நாற்பது வயது மனிதர் இரவு கிரிக்கெட் மேட்ச் பார்க்க வேண்டும் என்றால் யாரைக் கேட்பது? வேனில் ஆறு பேர் என்றால் ஆறு பேரும் ஒரே பவுலிங் கிளப்புக்குத்தான் போக வேண்டும்.

இதில் இன்னொரு அநியாயமும் இருந்தது. விக்டோரியாவில் கார் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்தால் போக்குவரத்து விபத்துக் காப்பீடு ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்ளும். அதே காயம் மரத்திலிருந்து விழுந்து ஏற்பட்டாலோ, பிறவியிலேயே குறைபாடு இருந்தாலோ அந்தக் கதவு திறக்காது. 2011இல் ஆஸ்திரேலிய உற்பத்தித்திறன் ஆணையம் கொடுத்த அறிக்கை, அன்றைய அமைப்பில் போதிய நிதியில்லை, நியாயமில்லை, துண்டு துண்டாகக் கிடக்கிறது, திறமையாகவும் நடக்கவில்லை என்று முகத்தில் அடித்தாற்போல எழுதியது.

இதை அரசாங்கம் தானாகவே கொண்டுவந்ததா?

அரசாங்கங்கள் தானாக எதைக் கொண்டுவந்திருக்கின்றன! 1972இல் அமெரிக்காவின் பெர்க்லியில் எட் ராபர்ட்ஸ் போன்ற மாற்றுத்திறனாளிகள் தொடங்கிய 'சுயமாக வாழ்தல்' மையத்திலிருந்து இந்த எண்ணம் பரவியது. பிரிட்டனில் ஹாம்ப்ஷயர் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்த சிலர், எங்களுக்காக இல்லத்துக்குக் கொடுக்கும் பணத்தை எங்களிடமே கொடுங்கள், நாங்கள் வெளியே வீடு பார்த்து ஆள் வைத்துக்கொள்கிறோம் என்று மல்லுக்கு நின்றார்கள். அதற்கான சட்டம் அங்கே 1996இல்தான் வந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவிலும் 1988 முதலே இந்தப் போக்கில் சிறிய அளவில் முயற்சிகள் நடந்தன.

ஆஸ்திரேலியாவில் மாற்றுத்திறனாளிகள், அவர்களின் குடும்பங்கள், சேவை நிறுவனங்கள் மூன்று தரப்பும் 2011இல் ஒரே இயக்கமாகச் சேர்ந்தது பெரிய திருப்பம். அதுவரை மூன்றும் மூன்று திசையில் இழுத்துக்கொண்டிருந்தன. ஜூலியா கில்லார்ட் பிரதமராக இருந்தபோது 2013 மார்ச்சில் சட்டம் நிறைவேறியது. அந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதி நியூ சவுத் வேல்ஸின் ஹன்டர், விக்டோரியாவின் பார்வன் முதலிய சில இடங்களில் சோதனையாகத் தொடங்கி, 2020இல் நாடு முழுவதும் வந்து சேர்ந்தது. 2014இல் மெடிகேர் (பொது மருத்துவக் காப்பீடு) வரியை 1.5 விழுக்காட்டிலிருந்து 2 ஆக உயர்த்தியது இதன் செலவில் ஒரு பகுதிக்காகத்தான்.

'தேர்வும் கட்டுப்பாடும்' என்று எல்லாத் தாளிலும் போட்டிருக்கிறார்களே, நடைமுறையில் அது என்ன?

தனக்கான உதவியைத் தானே தேர்ந்தெடுப்பது, அதன் மேல் அதிகாரத்தைத் தன் கையில் வைத்துக்கொள்வது. ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். சிட்னியில் வெஸ்ட்மீட் பக்கம் இருக்கும் 26 வயதுப் பெண். பெருமூளை வாதம். வீல்சேர். குளிக்க உதவி வேண்டும். பழைய முறையில் நிறுவனம் யாரை அனுப்புகிறதோ அவர்தான் வருவார், திங்களன்று ஒருவர், புதனன்று வேறொருவர். உடம்பைத் தொடப்போகிறவரின் பெயரே கதவைத் திறக்கும்போதுதான் தெரியும்.

இப்போது பணம் அவள் பெயரில் பிளானாக, அதாவது எந்த உதவிக்கு எவ்வளவு என்ற ஒதுக்கீடாக, வருகிறது. குளியலுக்குப் பெண் வொர்க்கர்தான் வேண்டும் என்று சொல்லலாம். மூன்று பேரை வரவழைத்துப் பேசிப் பார்த்து ஒருவரை எடுக்கலாம். காலை ஒன்பது மணிக்குப் பதில் ஏழுக்கு வரச் சொல்லலாம், ஏனென்றால் அவளுக்கு எட்டரைக்கு ரயில். சரியில்லை என்றால் ஒப்பந்தத்தில் உள்ளபடி நோட்டீஸ் கொடுத்து நிறுத்திவிட்டு வேறு ஆள் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை டே சென்டருக்குப் போவதற்கு ஒதுக்கிய மணிநேரத்தில், தோழிகளோடு சினிமாவுக்குப் போக ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். சினிமா டிக்கெட் அவள் கைக்காசு. துணைக்கு வருபவரின் சம்பளம் பிளானிலிருந்து.

கேட்க இதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியும். நமக்கெல்லாம் இவை கேட்காமலே கிடைத்துவிடுவதால் அப்படி.

யாருக்குக் கிடைக்கும்?

விண்ணப்பிக்கும்போது 65 வயது ஆகியிருக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் வசிக்க வேண்டும். குடியுரிமை, அல்லது பிஆர் (நிரந்தர விசா), அல்லது நியூசிலாந்துக்காரர்கள் சிலருக்கு உள்ள பாதுகாக்கப்பட்ட சிறப்பு விசா வேண்டும். நிரந்தரமான குறைபாடு இருந்து அது அன்றாட வாழ்வைக் கணிசமாகப் பாதிக்க வேண்டும். குழந்தைகளுக்கு முன்கூட்டிய சிகிச்சை உதவிக்கென்று தனி வழி உண்டு. மனநல பாதிப்பும் இதில் அடங்கும், நம் ஆட்கள் பலருக்கு அது தெரிவதில்லை.

வருமானமும் சொத்தும் பார்ப்பதில்லை. பிளானில் வரும் பணம், அரசு உதவித்தொகை வழங்கும் சென்டர்லிங்க்கின் கணக்கில் வருமானமாகவும் சேராது.

மாணவர் விசா, வேலை விசா, பிரிட்ஜிங் விசாவில் இருப்பவர்களுக்குக் கிடையாது. படகில் வந்து தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் பல ஆண்டு கழித்த ஈழத்தமிழர்களுக்கும் இதே நிலைதான் இருந்தது. 2023 பிப்ரவரியில் அவர்களில் பலருக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தது. அது கையில் வந்தவர்கள் இப்போது விண்ணப்பிக்கலாம். அப்போதே மறுத்துவிட்டார்களே என்று இன்னும் சும்மா இருப்பவர்கள் உங்களுக்குத் தெரிந்து இருந்தால் சொல்லிவிடுங்கள்.

டாக்டர் கடிதம் கொடுத்தும் நிராகரித்துவிட்டார்கள். ஏன்?

பெரும்பாலும் கடிதம் நோயைச் சொல்லியிருக்கும், வாழ்க்கையைச் சொல்லியிருக்காது. நோயின் பெயர் மட்டும் போதாது. நடமாட்டம், பேச்சுத் தொடர்பு, பழகுதல், கற்றல், தன்னைப் பார்த்துக்கொள்ளுதல், தன் காரியங்களைத் தானே நடத்திக்கொள்ளுதல் ஆகிய ஆறில் எதில், எவ்வளவு பாதிப்பு என்று பார்க்கிறார்கள். நிலைமை நிரந்தரமானது, வேறு சிகிச்சையால் தீராது என்பதையும் டாக்டர் தெளிவாக எழுத வேண்டும்.

இன்னொரு காரணம் நம்மிடமே இருக்கிறது. மதிப்பீட்டுக்கு வரும் 'ஓடி' (OT) தெரபிஸ்ட், அதாவது அன்றாடக் காரியங்களை ஒருவரால் எவ்வளவு செய்ய முடிகிறது என்று பார்ப்பவர், "மகன் தானாகக் குளிப்பாரா?" என்று கேட்பார். அம்மா பெருமையாக "ஆமாம், தானே குளிப்பான்" என்பார். தண்ணீரின் சூட்டைப் பார்த்து வைப்பது அம்மா. ஷாம்பூவை உள்ளங்கையில் ஊற்றுவது அம்மா. கதவுக்கு வெளியே நின்று "முதுகுக்குப் போட்டாயா?" என்று குரல் கொடுப்பது அம்மா. இருபது நிமிடம் கழித்துத் துண்டோடு உள்ளே போவதும் அம்மா. அறிக்கையில் 'தானே குளிக்கிறார்' என்று ஏறிவிடும். விருந்தாளியிடம் சொல்வதுபோல "கடவுள் புண்ணியத்தில் சமாளிக்கிறோம்" என்று இங்கே சொல்லக் கூடாது. குடும்பம் நியாயமாக எவ்வளவு செய்ய முடியும் என்பதையும் கணக்கில் எடுத்துத்தான் பிளான் போடுகிறார்கள். நீங்கள் இல்லாத ஒரு நாளில் என்ன நடக்கும் என்று சொல்லுங்கள்.

பிளான் வந்துவிட்டது. பணத்தை யார் வைத்துக்கொள்வது?

மூன்று வழி இருக்கிறது, கலந்தும் வைத்துக்கொள்ளலாம். திட்டத்தை நடத்தும் அரசு ஏஜென்சியே நேரடியாகக் கொடுக்கும்படி விட்டால் கணக்கு வேலை எதுவும் இல்லை, ஆனால் பதிவு செய்த நிறுவனங்களை மட்டுமே அமர்த்த முடியும். பிளான் மேனேஜரிடம் விட்டால் அவர் இன்வாய்ஸ்களைச் செலுத்துவார், பதிவு செய்யாதவர்களையும் அமர்த்தலாம். அவருடைய கட்டணம் பிளானில் தனியாக வரும், உங்கள் மணிநேரத்தில் கை வைக்காது. மூன்றாவது, நீங்களே நிர்வகிப்பது. இதில்தான் சுதந்திரம் அதிகம். அரசு வைத்த விலை வரம்பும் உங்களைக் கட்டுப்படுத்தாது. வார நாள் பகலில் ஒரு சப்போர்ட் வொர்க்கருக்கு மணிக்குச் சுமார் 70 டாலர் என்பது 2025–26இன் வரம்பு. நீங்கள் பேரம் பேசிக் குறைவாகவும் அமர்த்தலாம், அருமையான ஆள் என்றால் கூடவும் கொடுக்கலாம். ஆனால் ரசீது, கணக்கு எல்லாம் உங்கள் பொறுப்பு, தணிக்கை வந்தால் காட்ட வேண்டும்.

புதிதாக வருபவர்களுக்கு முதல் வருடம் பிளான் மேனேஜர் என்பதுதான் என் யோசனை. எக்செல் தட்டிப் பழகியவர்கள் வீட்டில் இருந்தால் அப்புறம் மாறிக்கொள்ளலாம்.

நான்தான் எல்லாம் செய்கிறேன். அந்தச் சம்பளத்தை எனக்கே கொடுக்கக் கூடாதா?

விதிவிலக்கான சூழ்நிலை தவிரக் கொடுக்க மாட்டார்கள். வேறு ஆளே கிடைக்காத தொலைதூர ஊர் போன்ற காரணங்களை எழுத்தில் விளக்கிக் கேட்கலாம், நம்பிக்கை வைக்க வேண்டாம். பராமரிப்பவருக்கான உதவித்தொகை சென்டர்லிங்கில் தனியாக இருக்கிறது.

என் மகனுக்கு 30 வயது, அறிவுத்திறன் குறைபாடு. அவனால் எதையும் முடிவு செய்ய முடியாது, நான்தான் செய்கிறேன். அது சரிதானே?

கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. 18 வயது வரை பெற்றோர் பிரதிநிதி. அதற்குப் பிறகு சட்டப்படி முடிவு அவருடையது. அவரால் முடியாத நிலையில் அவர் சார்பில் முடிவெடுக்க ஒரு நாமினியை நியமிக்கலாம், ஆனால் அதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறார்கள். நாமினி ஆனாலும் அவருடைய விருப்பம் என்ன என்று கண்டுபிடித்து அதன்படி நடப்பது உங்கள் கடமை.

"அவனுக்கு என்ன தெரியும்?" என்கிறோம். மீன் குழம்பா பருப்பா என்று கேட்டால் தட்டைத் தள்ளிக் காட்டுகிறார். ஒரு வொர்க்கர் வரும் நாளில் வாசலில் போய் நிற்கிறார், இன்னொருவர் வரும் நாளில் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறார். இதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? பெரிய முடிவுகளைச் சின்னச் சின்னதாக உடைத்து, படம் காட்டி, ஒருமுறை செய்து பார்க்கவிட்டு, பிறகு கேட்டால் பலரால் சொல்ல முடிகிறது. இதற்கு நேரம் வேண்டும். பிளான் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தில் இது நடக்காது, அதற்கு முந்தைய சில மாதங்களில் நடந்திருக்க வேண்டும்.

நம் குடும்பங்களில் மாற்றுத்திறன் இல்லாத பிள்ளையின் படிப்பையும் கல்யாணத்தையும்கூட நாம்தானே முடிவு செய்கிறோம் என்று ஒரு அப்பா சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளைக்குச் சண்டை போடவும், கோபித்துக்கொண்டு வேறு ஊருக்கு வேலைக்குப் போகவும் வழி இருக்கிறது. இவருக்கு அந்த வழி இல்லை. அதனால்தான் இவரிடம் கூடுதலாகக் கேட்க வேண்டியிருக்கிறது. பிளானில் 'தனியாக வாழ விருப்பம்' என்று பிள்ளை சொல்லி எழுதியதைப் பார்த்து ஊர் என்ன சொல்லும் என்று அழித்துவிடச் சொல்லும் பெற்றோர் இருக்கிறார்கள். அழித்துவிடலாம், ஆனால் நீங்கள் எண்பதைத் தொடும்போது அதே கேள்வி அவசர கேள்வியாகத் திரும்பி வரும்.

நமக்குத் தெரிந்த தமிழர் ஒருவர் கம்பெனி வைத்திருக்கிறார். "எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். விட்டுவிடலாமா?

'எல்லாவற்றையும்' என்ற இடத்தில் எச்சரிக்கை வேண்டும். வீடும் அவருடையது, வொர்க்கரும் அவருடைய ஆள், யாரை அமர்த்தலாம் என்று ஆலோசனை சொல்லும் சப்போர்ட் கோஆர்டினேட்டரும் அவரே என்றால், நீங்கள் யாரிடம் போய்ப் புகார் சொல்வீர்கள்? அவரை மாற்றலாம் என்று அவரே உங்களுக்கு ஆலோசனை சொல்வாரா? மூன்றையும் மூன்று பேரிடம் வையுங்கள். நல்ல மனிதராகவே இருந்தாலும் அப்படித்தான்.

2020இல் அடிலெய்டில் ஆன் மேரி ஸ்மித் என்ற பெண் இறந்தார். பெருமூளை வாதம் உள்ளவர். தன் சொந்த வீட்டில், பதிவு செய்த நிறுவனம் ஒன்றின் ஒரே ஒரு பராமரிப்பாளரின் பொறுப்பில் இருந்தவர். ஓராண்டுக்கும் மேலாக ஒரு பிரம்பு நாற்காலியிலேயே கிடந்திருக்கிறார். எட்டிப் பார்க்க வேறு யாரும் இல்லை. விசாரித்த முன்னாள் நீதிபதி ஆலன் ராபர்ட்சன், பலவீனமான நிலையில் இருக்கும் எவருக்கும் ஒரே ஒரு பராமரிப்பாளர் என்ற ஏற்பாடு இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தார். சொந்த வீடு, தனிப் பிளான் எல்லாம் இருந்தும் இது நடந்தது. வந்துபோகும் கண்கள் நான்கைந்து இருக்கட்டும்: பக்கத்து வீட்டுக்காரர், கோயில் நண்பர், வேறொரு தெரபிஸ்ட்.

புகார்களுக்குத் தரம் மற்றும் பாதுகாப்பு ஆணையம் என்று தனி அமைப்பு 2018 முதல் இருக்கிறது. வொர்க்கர் நம் சொந்தக்காரர் பிள்ளை என்று தயங்கிப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள்.

தேர்வு உண்டு என்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரே ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட், அவரிடமும் எட்டு மாதக் காத்திருப்பு. இதில் என்ன தேர்வு?

நியாயமான கோபம். பணத்தை ஆள் கையில் கொடுத்துவிட்டால் கடைகள் தானாக முளைக்கும் என்ற நம்பிக்கையில்தான் இந்தத் திட்டம் நிற்கிறது. சிட்னியிலும் மெல்பர்னிலும் ஓரளவு முளைத்தன. உள்நாட்டுச் சிற்றூர்களிலும் பூர்வகுடிகளின் ஊர்களிலும் முளைக்கவில்லை. அங்கே பிளானில் ஒதுக்கிய பணம் செலவாகாமலே கிடக்கிறது. அடுத்த முறை 'தேவைப்படவில்லை போல' என்று குறைத்தும் விடுகிறார்கள், இது கொடுமை. செலவழிக்க முடியாததற்குக் காரணத்தை எழுதி வையுங்கள்: எந்தத் தேதியில் யாரைக் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று.

மொழியும் இப்படித்தான் தடையாகிறது. பிற மொழி, பிற பண்பாட்டுப் பின்னணியினர் திட்டத்தில் சுமார் 9 விழுக்காடுதான், நாட்டு மக்கள்தொகையில் அவர்களின் பங்கு இதைவிட எவ்வளவோ அதிகம்.

சமீபமாக ஏன் இவ்வளவு கெடுபிடி?

செலவு. 2011இல் சுமார் 4 லட்சத்து 10 ஆயிரம் பேர் சேர்வார்கள் என்று கணக்கிட்டார்கள். 2025இல் அது 7 லட்சத்தைத் தாண்டியது. ஆண்டுச் செலவு 4,000 கோடி டாலருக்கு மேல். சேர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்கு ஆட்டிசம். மாநிலங்கள் தங்கள் பழைய சேவைகளைச் சுருக்கிக்கொண்டதால், பள்ளியிலும் குழந்தைகள் நல மையத்திலும் கிடைக்க வேண்டிய உதவிக்குக்கூட எல்லோரும் இந்த ஒரே வாசலுக்கு வர வேண்டியதாயிற்று. கூட்டம் பெருகியதற்குக் குடும்பங்களைக் குறை சொல்வது அநியாயம். போலி இன்வாய்ஸ் போட்டவர்களும் இருக்கிறார்கள், அதைத் தடுக்கத் தனிப் படையே போட்டார்கள்.

2023 டிசம்பரில் புரூஸ் பொனிஹேடி, லிசா பால் தலைமையிலான ஆய்வுக்குழுவின் அறிக்கை 26 பரிந்துரைகளோடு வெளியானது. பொனிஹேடி இந்தத் திட்டம் உருவாகவே காரணமானவர்களில் ஒருவர். அடுத்து 2024இல் சட்டத்தைத் திருத்தினார்கள். எதற்குப் பணம் செலவழிக்கலாம், எதற்குக் கூடாது என்று பட்டியல் அக்டோபரில் அமலுக்கு வந்தது. 2025 மே முதல் புதிய பிளான்களில் பணம் மொத்தமாக இல்லாமல் மூன்று மாதம் போன்ற தவணைகளாகத் திறக்கிறது. 2025 ஆகஸ்டில் அமைச்சர் மார்க் பட்லர், லேசான அல்லது மிதமான ஆட்டிசமோ வளர்ச்சித் தாமதமோ உள்ள 8 வயது வரையிலான குழந்தைகளுக்கு 'த்ரைவிங் கிட்ஸ்' என்ற தனித் திட்டத்தை அறிவித்தார்.

ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் பட்டியல் முறையில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஒருவருக்குச் சாதாரண கடையில் கிடைக்கும் பொருள் ஒன்றே போதும், விலையும் குறைவு. பட்டியலில் இல்லை என்றால் அதை விட்டுவிட்டு, பட்டியலில் உள்ள விலை கூடிய சிறப்புக் கருவியை வாங்க வேண்டி வரலாம். தேர்வு என்று தொடங்கிய திட்டத்தில் இது எங்கே பொருந்துகிறது என்று தெரியவில்லை.

பிளானில் குறைத்துவிட்டார்கள். என்ன செய்யலாம்?

முடிவு வந்த மூன்று மாதத்துக்குள் உள் மறுபரிசீலனை கேளுங்கள். அதிலும் திருப்தி இல்லையென்றால் 28 நாளுக்குள் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மாற்றுத்திறனாளிகளுக்காக வாதாடும் இலவச அமைப்புகள் ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்கின்றன. தேதியைத் தவறவிடாதீர்கள்.

மூன்று மாதம் யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ போய் வரலாமா? அங்கே ஆள் வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாகப் போய் வரலாம். வெளிநாட்டில் தற்காலிகமாக இருக்கும்போது முதல் ஆறு வாரம் வரை உங்கள் வழக்கமான உதவிகளுக்குப் பிளானைப் பயன்படுத்த இடம் உண்டு. அதற்கு மேல் என்றால் முன்கூட்டியே சொல்லிக் கேட்க வேண்டும். விமான டிக்கெட், ஹோட்டல் எல்லாம் உங்கள் செலவு. வீல்சேர் பேட்டரி பற்றி விமான நிறுவனத்திடம் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள், விமான நிலையத்தில் போய்க் கேட்டால் காரியம் கெடும்.

ஊரில் இருக்கும் அண்ணன் மகளை இங்கே கூட்டி வந்து இதில் சேர்க்கலாமா?

விசாவுக்கான மருத்துவ நிபந்தனையே முதல் சுவர். மருத்துவ, சமூகச் செலவு ஒரு வரம்பைத் தாண்டும் என்று கணக்கிட்டால் விசா மறுக்கலாம். 2024 ஜூலையில் அந்த வரம்பு 86,000 டாலராக உயர்ந்தது. மாற்றுத்திறனாளிகளைப் பாகுபாட்டிலிருந்து காக்கும் சட்டம் குடிவரவுச் சட்டத்துக்குப் பொருந்தாது என்று விலக்கும் வைத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பவருக்கு இவ்வளவு உரிமை பேசும் நாடுதான் இதுவும். மருத்துவ நிபந்தனையிலிருந்து விலக்குக் கேட்க முடியும் விசாக்களும் உண்டு, நல்ல குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள்.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. எங்கே தொடங்குவது?

131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்புச் சேவையைக் கூப்பிட்டு "தமிழ்" என்று சொல்லுங்கள். லைனில் தமிழ் பேசுபவர் வந்ததும் என்டிஐஎஸ்ஸின் 1800 800 110 எண்ணுக்கு இணைக்கச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்புக்குக் காசு கிடையாது. பிளான் கூட்டத்துக்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் அழைப்பிலேயே பதியச் சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டு அக்காவையோ பள்ளிக்கூடப் பிள்ளையையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். குளியல், கழிப்பறை, மாதவிடாய் என்று எல்லாவற்றையும் அங்கே பேச வேண்டியிருக்கும்.

கூட்டத்துக்கு முந்தைய ஒரு வாரம், யார் எத்தனை மணிக்கு என்ன உதவி செய்தார்கள் என்று தமிழிலேயே ஒரு நோட்டில் எழுதி வாருங்கள், இரவில் எழுந்ததையும் சேர்த்து. யாருக்காகப் பிளானோ அவரையும் அறைக்குள் கூட்டிப் போங்கள்.